துப்பாக்கி இல்லாத உளவாளிகளைத் தெரியுமா?

உளவுத்துறை வேலை என்றால் கறுப்புக் கண்ணாடியும் இடுப்பில் துப்பாக்கியும்தான் என்று நினைக்கிறீர்களா? நாற்காலியை விட்டு எழாமல், கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று எழுதியே சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களும் அங்கே உண்டு!

பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் பதுங்கியிருந்த வீட்டைக் கவனித்தவர்கள் எதைக் கணக்கெடுத்தார்கள் தெரியுமா? கொடியில் காய்ந்த துணிகளை! ஆண், பெண், குழந்தை என்று துணிகளைப் பிரித்துப் பார்த்தே, வெளியே தலைகாட்டாத இன்னொரு குடும்பம் உள்ளே இருப்பதாக ஊகித்தார்கள். அப்படியும் 2011-ல் அமெரிக்க அதிபர் ஒபாமாவிடம் ஒருவர் 95 சதவீதம் அவன்தான் என்றார். இன்னொருவர் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1951-ல் யூகோஸ்லாவியா தாக்கப்பட ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று அமெரிக்க உளவுத்துறை ஓர் அறிக்கை தந்தது. “கணிசம் என்றால் எவ்வளவு?” என்று வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர் கேட்டார். அறிக்கைக்குப் பொறுப்பான ஷெர்மன் கென்ட், “நடக்க 65, நடக்காமலிருக்க 35” என்றார். கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது! கென்ட் தன் சகாக்களை விசாரித்தால் ஒருவர் மனதில் 80, இன்னொருவர் மனதில் வெறும் 20. ஆனால் எல்லாரும் ஒரே வாசகத்துக்குச் சம்மதித்திருந்தார்கள்! (தாக்குதல் நடக்கவே இல்லை என்பது வேறு கதை.) அதற்குப் பிறகு ‘ஏறக்குறைய உறுதி’ என்றால் 93 சதவீதம், ஆறு கூடலாம் குறையலாம் என்று அவர் ஒரு அட்டவணையே போட்டார்.

அத்தனை கறாரான மனிதரும் சறுக்கினார். கியூபாவில் சோவியத் ஏவுகணை வர வாய்ப்பில்லை என்று 1962 செப்டம்பர் 19-ல் அவர் அலுவலகம் எழுதியது. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் தலைவர் மெக்கோன் மட்டும் பிரான்ஸில் தேனிலவில் இருந்துகொண்டே “வரும், வரும்” என்று தந்தி மேல் தந்தி அடித்தார்! அக்டோபர் 14-ல் யு-2 விமானம் எடுத்த படங்கள், வாஷிங்டனில் ஒரு கார் ஷோரூமுக்கு மேல்மாடியில் இருந்த ரகசிய அலுவலகத்துக்குப் போயின. துணி மூடிய நீளமான பொருளை அளந்து, மாஸ்கோ அணிவகுப்புப் படங்களோடு ஒப்பிட்டு, ஏவுகணைதான் என்றார்கள். இந்தச் சறுக்கல் இருந்தும் சி.ஐ.ஏ. 2000-ல் தொடங்கிய ஆய்வாளர் பள்ளிக்கு கென்ட் பெயரைத்தான் வைத்தது.

தனியார் துறையிலும் இதே வித்தைக்குக் காசு உண்டு. போர் ஆபத்துள்ள கடல்களை லண்டனில் ஒரு காப்பீட்டுக் குழு பட்டியலிடுகிறது. அங்கே போகும் கப்பலுக்குக் கூடுதல் பிரீமியம். 2001-ல் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் கொழும்புக்கு வந்த கப்பல்களையும் அந்த பிரீமியம் சுட்டது.

உளவு ஆய்வில் நம் ஆளும் உண்டு! இந்தியாவின் கூட்டுப் புலனாய்வுக் குழுவுக்கும், 1999 கார்கில் மறுஆய்வுக் குழுவுக்கும் தலைமை வகித்த கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர். கென்ட்டோ யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். “ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப்போறே?” என்று கேட்கும் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்!