முன் இருக்கை இல்லாத டாக்சி

மெக்சிகோ சிட்டியில் 2012 வரை ஓடிய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் டாக்சிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கை இருக்காது. பீட்டிலுக்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்கார வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கி, குனிந்து, உடம்பைச் சுருக்கி நுழைய வேண்டும். இந்த அவஸ்தை எதற்கு என்று இருக்கையையே கழற்றிவிட்டார்கள். காலியான இடத்தில் பயணி பெட்டியை வைத்துக்கொள்ளலாம். கதவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆள் ஏறியதும் ஓட்டுநர் எழுந்திருக்காமலே கயிற்றைச் சுண்டி இழுத்துக் கதவைச் சாத்துவார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

1994 கடைசியில் மெக்சிகோ நாணயமான பேசோவின் மதிப்பு சரிந்தது. வேலைகள் போயின, குற்றங்கள் பெருகின. அதே ஏற்பாடு பொறியாக மாறியது. பின்னால் உட்கார்ந்தவருக்கென்று தனிக் கதவு கிடையாது. வெளியேற ஒரே வழி ஓட்டுநர் கயிறு பிடித்திருக்கும் கதவு. வண்டி ஏதோ ஒரு சந்தில் வேகம் குறையும். இருக்கை இல்லாத அந்த இடத்தில் கூட்டாளிகள் ஏறிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போன் போட்டு லட்சக்கணக்கில் கேட்டு நாள்கணக்கில் பேரம் பேசும் பழைய கடத்தல் இல்லை இது. ஏடிஎம் ஏடிஎம்மாக அழைத்துப்போய்ப் பணத்தை எடுக்க வைத்து, சில மணி நேரத்தில் எங்காவது இறக்கிவிட்டுப் போவார்கள். அங்கே இதற்கு ‘எக்ஸ்பிரஸ் கடத்தல்’ என்று பெயர். கொலம்பியாவின் போகோட்டாவில் கொஞ்சம் குரூரமான நகைச்சுவையோடு ‘கோடீஸ்வரர் உலா’ என்றார்கள்.

இந்தக் குற்றத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தவை வங்கிகள். ஒரு கார்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு இருக்கிறதல்லவா? இரவு பதினொன்றரைக்கு ஆளைப் பிடித்தால் பன்னிரண்டுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று இரண்டு நாள் பணத்தை ஒரே ராத்திரியில் கறந்துவிடலாம். திருட்டைக் குறைக்க வைத்த வரம்பு, பயணி வண்டிக்குள் அடைபட்டிருக்கும் நேரத்தைக் கூட்டியது.

மெக்சிகோ சிட்டியில், ரோட்டில் கைகாட்டி டாக்சி ஏறாதீர்கள், ஸ்டாண்டில் போய் ஏறுங்கள் என்று வெளிநாட்டவருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். ஸ்டாண்டில் ஒருவர் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போகிறது என்று குறித்துக்கொள்கிறார். யாரோடு யார் போனார்கள் என்பது மூன்றாவது மனிதர் ஒருவருக்குத் தெரியும். டாக்சிப் பாதுகாப்பின் அறிவியல் பெரும்பாலும் இந்த மூன்றாவது மனிதரைப் பற்றியது. ஓட்டுநர் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவதில் நமக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

முகத்தை எடைபோடுவது நாம் மட்டும் அல்ல. சிசிலி மாஃபியாவை ஆராய்ந்து பெயர் வாங்கிய சமூகவியலாளர் தியேகோ கம்பெத்தா, ஹெதர் ஹாமில் என்பவரோடு சேர்ந்து நியூயார்க்கிலும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டிலும் டாக்சி ஓட்டுநர்களை ஆராய்ந்து 2005 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கைகாட்டி நிற்கும் அந்நியரை ஏற்றுவதா வேண்டாமா என்பதை ஓட்டுநர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. பெல்ஃபாஸ்ட்டில் அது உயிர்ப் பிரச்சினை. கலவர ஆண்டுகளில் மதத்தின் பெயரால் ஓட்டுநர்களைச் சவாரிக்குக் கூப்பிட்டுக் கொன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில், வேலை நேரத்தில் கொலையாகும் வாய்ப்பு மற்றத் தொழிலாளர்களைவிட டாக்சி ஓட்டுநர்களுக்கு 20 மடங்குக்கும் அதிகம் என்று அந்த நாட்டின் தொழிலகப் பாதுகாப்புத் துறையே சொல்லியிருக்கிறது. பயணிக்கு ஓட்டுநரின் பிடரி தெரியும். ஓட்டுநருக்கு அதுவும் தெரியாது. கண்ணாடியில் தெரிகிற அரை முகம்தான்.

கம்பெத்தாவின் வாதம் இது. நல்லவர் சுலபமாகக் காட்டக்கூடிய, கெட்டவரால் போலியாகக் காட்ட முடியாத அடையாளம் எதுவோ அதற்குத்தான் மதிப்பு. சிரிப்புக்குச் செலவு இல்லை, யாரும் சிரிக்கலாம். காருக்குப் பெயின்ட் அடிக்கக் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். கூரையில் ‘டாக்சி’ என்று எரியும் விளக்கைக் கடையில் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர் முதலில் நம்புவது இந்த மலிவான அடையாளங்களைத்தான்.

போலி செய்யவே முடியாத அடையாளம் ஒன்று உண்டு, லண்டனில். அங்கே கறுப்பு டாக்சி ஓட்டப் பச்சை பேட்ஜ் வேண்டும். அதற்கு ‘நாலெட்ஜ்’ என்ற தேர்வில் தேற வேண்டும். 1865 முதல் நடக்கும் தேர்வு. சேரிங் கிராஸ் சந்திப்பைச் சுற்றி 6 மைல் வட்டத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக வேண்டும். 320 வழித்தடங்கள் தலைகீழாகத் தெரிய வேண்டும். மொபெட்டின் கைப்பிடியில் வழித்தாளைக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி ஒவ்வொரு தெருவாகச் சுற்றுவார்கள். தேர்வாளர் எதிரில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, அவர் கேட்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று வரைபடம் பார்க்காமல் வாயால் ஒப்பிக்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் பிடிக்கும்.

இந்தப் படிப்பு மண்டைக்குள்ளேயே தடம் பதிக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த எலினார் மக்வாயர், இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000 இல் வெளியிட்டார். முதலிலேயே அப்படிப் பெரிதாக இருந்தவர்கள்தாம் இந்த வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்க்க, தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய 79 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 39 பேர் தேறினார்கள். 2011 இல் வந்த முடிவு: தேறியவர்கள் மூளையில் மட்டும் அந்த மாற்றம் வந்திருந்தது.

நான்கு வருஷம் மழையில் நனைந்து வாங்கிய பேட்ஜை ஒரு சுற்றுலாப் பயணியின் பர்சுக்காக யாரும் பறிகொடுக்க மாட்டார்கள். அந்த உழைப்பே ஓட்டுநர் கட்டிவைத்த ஜாமீன். வழிப்பறிக்கு எதிராக இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 2009 இல் லண்டன் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த ஒருவர் உண்மையான பேட்ஜ் வைத்திருந்த கறுப்பு டாக்சி ஓட்டுநர். பரிசு விழுந்திருக்கிறது, கொண்டாடலாம் என்று சொல்லித் தனியாக வந்த பெண்களுக்கு மயக்கமருந்து கலந்த ஷாம்பெயின் கொடுத்தவர். அவர் மீது முன்பே புகார் வந்திருந்தது. கறுப்பு டாக்சி ஓட்டுநர் இப்படிச் செய்ய மாட்டார் என்ற எண்ணம் அதிகாரிகள் மனதில் இருந்ததைப் பின்னால் நடந்த விசாரணை சுட்டிக்காட்டியது. அடையாளம் அத்தனை உறுதியாக இருந்ததால்தான் அவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. காவல்துறை தவறியதை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதிசெய்தது.

இத்தகைய கொடுமைகள் அரிது. அன்றாடம் நடப்பது ஏமாற்று, அதைச் சோதனைச்சாலைக் கறாரோடு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இன்ஸ்பிரூக் பல்கலைக்கழகத்தின் லூக்காஸ் பலாஃபூட்டாஸும் சகாக்களும் கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் 348 டாக்சிச் சவாரிகள் போனார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, அடுத்தடுத்துப் பிடித்த டாக்சிகளில், கையில் ஜிபிஎஸ் கருவியோடு. ஒருவர் உள்ளூர்க்காரர் போல நடந்துகொள்வார். இன்னொருவர் கிரேக்க மொழி பேசுவார், ஆனால் ஊருக்குப் புதிது என்று காட்டிக்கொள்வார். மூன்றாமவர் ஆங்கிலம் மட்டும் பேசும் வெளிநாட்டவர்.

2013 இல் வெளியான முடிவில் எனக்குப் பிடித்தது அதன் நுணுக்கம். ஊர் தெரியாதவர்களை, கிரேக்கரோ வெளிநாட்டவரோ, சுற்றுவழியில் அழைத்துப்போனார்கள். பில்லில் கைவைத்தது பெரும்பாலும் வெளிநாட்டவரிடம்தான்: பகலிலேயே ராத்திரிக் கட்டணம், இல்லாத உபரிக் கட்டணம் இப்படி. கிரேக்கம் பேசுகிறவருக்கு வழி தெரியாவிட்டாலும் கட்டணவிதி தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பயணிக்கு எது தெரியாதோ, சரியாக அந்த இடத்தில் கத்தரி விழுகிறது. பிறகு செய்த இன்னொரு சோதனையில் “செலவை என் அலுவலகம் கொடுத்துவிடும்” என்று பயணி பேச்சுவாக்கில் சொன்னாலே கட்டணம் ஏறியது. மீட்டருக்குச் சூடு வைப்பது என்று சென்னையில் சொல்வார்களே, அதற்குக்கூடத் தேவையில்லாமல் போய்விட்டது.

ஏமாற்றுகிற ஓட்டுநரையும் ஆபத்தான ஓட்டுநரையும் ஒரே பட்டியலில் வைக்கும் பயண அறிவுரைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து யூரோ கூடுதலாக வாங்க நினைப்பவருக்கு நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், முடிந்தால் நன்றியோடு இறங்க வேண்டும். நள்ளிரவில் ஆளில்லாத தெருவில் அந்த ஐந்து யூரோவுக்காக மல்லுக்கட்டுவதுதான் சிறு ஏமாற்றைப் பெரிய விஷயமாக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு, வெளிச்சமான ஹோட்டல் வாசலில் நின்று பேசலாம். அங்கே மூன்றாவது மனிதர் இருக்கிறார்.

டெல்லியின் ப்ரீபெய்டு டாக்சி கவுன்டர்கள் இதைக் கணினி இல்லாத காலத்திலேயே அழகாகச் சாதித்தன. கவுன்டரில் பணம் கட்டினால் சீட்டு தருவார்கள். அதில் வண்டி எண் இருக்கும். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகுதான் சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பணம். ஓட்டுநரின் கூலி பயணியின் கையில் பிணையாக இருக்கிறது. வழியிலேயே சீட்டைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் பிடி போயிற்று. அந்த ஊரில் வெளிநாட்டவருக்கென்றே வைத்திருக்கும் இன்னொரு கதை, நீங்கள் பதிவு செய்த ஹோட்டல் எரிந்துவிட்டது, அல்லது அந்தப் பக்கம் கலவரம் என்பது. முடிவில் வண்டி ஒரு ‘சுற்றுலா அலுவலகம்’ முன் நிற்கும். அங்கே கமிஷன் காத்திருக்கும். ஹோட்டலுக்கு நேராக ஒரு போன் போட்டால் கதை கந்தலாகிவிடும். அதனால்தான், விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் சிம் கார்டு போட்டுக்கொள்வதைப் பாதுகாப்புச் செலவில் சேர்க்க வேண்டும் என்பேன்.

செயலி டாக்சிகள் மூன்றாவது மனிதரை சர்வருக்குள் உட்கார வைத்தன. யார், எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணி, எல்லாம் பதிவாகிறது. இருந்தும் 2014 டிசம்பரில் டெல்லியில் செயலி டாக்சியில் ஏறிய பெண் ஒருவரை அதன் ஓட்டுநர் பாலியல் வன்கொடுமை செய்தபோது, அவர் கொடுத்திருந்த போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழே போலி என்று தெரியவந்தது. பதிவேட்டில் முதலில் எழுதியதே பொய்யானால் பிறகு எழுதுவதற்கு என்ன மதிப்பு?

இன்னொரு ஓட்டை, வண்டியில் ஏறும் அந்த ஐந்து வினாடி. 2019 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, தான் அழைத்த வண்டி என்று எண்ணி வேறொரு காரில் ஏறினார், கொல்லப்பட்டார். அதற்குப் பிறகே அங்கே, பயணி சொல்லும் நான்கு இலக்க எண் பொருந்தினால்தான் சவாரி தொடங்கும் முறை போன்றவை பரவலாயின. எண் இல்லாத ஊரில் ஒரு எளிய வழி உண்டு. “நீங்கள் எனக்காக வந்தவரா, நான் இன்னார்” என்று நாமே பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. “யாரை ஏற்ற வந்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். நம் பெயர் ஓட்டுநர் வாயிலிருந்து வரட்டும். நம்பர் பிளேட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது இதற்கும் முன்னால்.

அந்த மாணவி ஏறிய காரில் சைல்டு லாக் போடப்பட்டிருந்தது. பின்கதவைத் திறந்ததும் அதன் விளிம்பில், பூட்டு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ, விரல்நுனி அளவு சின்ன விசை ஒன்று இருக்கும். சில கார்களில் சாவி நுழைக்கும் பிளவு. குழந்தை படம் போட்டிருப்பார்கள். அதைத் தள்ளிவிட்டால் உள் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு எத்தனை இழுத்தாலும் உள்ளிருந்து கதவு திறக்காது, வெளியிலிருந்து மட்டும் திறக்கும். வாடகைக் கார்களில் இது கூடாது என்று இந்தியாவில் 2019 இல் விதி வந்தது. பல நாடுகளில் அப்படி இல்லை. ஏறும்போது பார்வையை ஒரு வினாடி கதவு விளிம்பில் ஓட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இயற்கை மரணம் அல்லாமல் இறக்கும் அமெரிக்கர்களின் பட்டியலில் முன்வரிசையில் நிற்பது வாகன விபத்து. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினால், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி. நியூயார்க்கில் ஓட்டுநரைப் பயணியிடமிருந்து காப்பாற்ற வைத்த தடுப்பில், திடீர் பிரேக்கில் முகம் மோதி மூக்கும் தாடையும் உடைந்து வருகிற பயணிகளை அங்கத்திய அவசரப் பிரிவு மருத்துவர்கள் வழக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்.

ஓட்டுநர் முகத்தையே பார்த்துக்கொண்டு வரும் பயணி பெல்ட்டைத் தேடுவதில்லை. டாக்சிகளில் பட்டை கண்முன் தொங்கும், மாட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். வண்டி கிளம்புமுன் இருக்கை இடுக்கில் கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால், அவசரம் இல்லையென்றால், அடுத்த வண்டி.