ஒரே இணைப்பில் கடையும் வீடும்



எங்கள் மளிகை மண்டி கீழே, வீடு மாடியில். 2005-ஆம் ஆண்டு கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டரும் மாடியில் பிள்ளைகளுக்கு இரண்டும் இருந்தன. இன்டர்நெட் இணைப்போ ஒன்றுதான். யார் உபயோகிப்பது என்று தினமும் பஞ்சாயத்து.

இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் மகன், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தான். இரண்டு நெட்வொர்க் கார்டு பொருத்தினான். ஒன்றில் வெளியிலிருந்து வரும் இணைப்பு. மற்றொன்றிலிருந்து கடைக்கும் மாடிக்கும் ஒயர். அதில் லினக்ஸ் போட்டான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸுக்கு விலை கிடையாது. பஞ்சாயத்து அன்றோடு தீர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? மண்டிக்கு ஒரே விலாசம். உள்ளே நான்கு பேர் கடிதம் எழுதினாலும், கணக்குப்பிள்ளை எல்லாவற்றிலும் மண்டி முத்திரையைக் குத்தி அனுப்புகிறார். எது யாருடையது என்று பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறார். கேட்காமல் வரும் கடிதத்தை உள்ளே விடுவதில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான்.

பழைய முறை இன்டர்நெட் விலாசங்கள் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடிதான். அதனால் வீட்டுக்குள் மட்டும் புழங்க 192.168 என்று தொடங்கும் எண்கள் போன்ற சிலவற்றை ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் கடையிலும் என் கடையிலும் அதே எண்கள் இருக்கலாம், குழப்பம் வராது.

இன்று பழைய கம்ப்யூட்டர் தேவையில்லை. இணைப்போடு தரும் ரவுட்டர் பெட்டியே போதும். அநேகப் பெட்டிகளுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். சென்ற வருடம் கடைக்கு வந்த தரகர் ஒருவர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். மரியாதைக்குக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் என் கொள்முதல் விலைப் பட்டியல்! "அண்ணாச்சி, இதைப் பூட்டி வையுங்கள்" என்றார். அவர் நல்லவர். வேறொருவராக இருந்தால், மிளகாயில் எனக்கு என்ன நிற்கிறது என்பது மறுநாளே சந்தைக்குத் தெரிந்திருக்கும்.

வாசலில் உள்ள கணக்குப்பிள்ளை வெளியாரைத்தான் தடுப்பார். உள்ளே வந்து உட்கார்ந்தவரைக் கேட்கமாட்டார். ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. வருவோர் போவோருக்கு ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை தனியாக வையுங்கள். பில் போடும் கம்ப்யூட்டர் அதில் சேரக்கூடாது.

2. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள்.

3. கணக்கு உள்ள ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் பகிராதீர்கள்.

4. ரவுட்டருக்குப் புதிய மென்பொருள் வந்தால் ஏற்றச் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டிச் சாவியை யாரும் கேட்டவுடன் கொடுப்பதில்லை. பாஸ்வேர்டும் ஒரு சாவிதான்.