உருளைக்கிழங்கின் கருகல் நோய்: பூசணம் போலத் தோன்றும் ஓர் உயிர்

இமயச் சரிவுகளிலும் நீலகிரியிலும் குளிர்ந்த மூடுபனி சில நாட்கள் தொடர்ந்து நின்றால், உருளைக்கிழங்குச் செடியின் இலை விளிம்புகளில் நீர் ஊறியது போன்ற கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் புள்ளியைச் சுற்றி மெல்லிய வெண்படலம் தென்படும். இதுவே ‘பைட்டாப்தோரா இன்பெஸ்டான்ஸ்’. 1845-இல் அயர்லாந்தில் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் மக்கள் மடிந்ததற்கு இந்நோயே தோற்றுவாய். நோயின் காரணம் இவ்வுயிரே என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி 1861-இல் சோதனையால் மெய்ப்பித்தார்.

இழை இழையாய்ப் படர்வதால் நெடுங்காலம் இது பூசண வகுப்பிலேயே வைத்து எண்ணப்பட்டது. உறவோ வேறு. பூசணத்தின் செல்சுவரில் கைட்டின் உண்டு. இதன் சுவரோ செல்லுலோஸாலும் அதை ஒத்த குளூக்கான்களாலும் ஆனது. பூசணங்களைவிடக் கடலிலுள்ள பழுப்புப் பாசிகளுக்கே இது நெருங்கிய சுற்றம். நீர்வாழ்வின் அடையாளமும் இதனை விட்டு நீங்கவில்லை. குளிர்ந்த ஈரத்தில் வித்துப்பை திறந்து, இரண்டு கசையிழைகளைக் கொண்ட வித்துக்கள் நீந்தி வெளிவருகின்றன. இலைமேல் நிற்கும் பனித்துளியே அவற்றுக்குக் குளம். ஆசிரியர்கள் இதைப் பள்ளி உருப்பெருக்கியிலேயே மாணவர்க்குக் காட்டலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுத்துப் பூசணங்களை அழிக்கும் டிரையசோல் வகை மருந்துகள், அப்பொருளை ஆக்கிக்கொள்ளாத இவ்வுயிரிடம் பயனற்றுப்போகின்றன. குடியானவரின் பணம் வீணாவதோடு, நோயைத் தடுத்திருக்கக்கூடிய நாட்களும் கழிந்துவிடுகின்றன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையோ, நோய் தோன்றுமுன் தெளிக்கப்பெறின், வித்துக்கள் இலைக்குள் நுழையாது காக்கும். நோயுற்ற கிழங்கை விதைக்கு வைத்தல் கூடாது. அடுத்த போகத்தின் முதற்புள்ளி பெரும்பாலும் அதிலிருந்தே கிளம்புகிறது.