இரண்டு வாரம் ஆறாத புண்

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் வயதான அம்மாக்கள் சிலருடைய இடுப்பில் இன்றும் சுருக்குப்பை இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. பால்மரம் சீவிய காலத்தில் பசியையும் களைப்பையும் தாங்க அவர்களுக்கு இருந்த ஒரே துணை அது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் அதிகமாக இருப்பதற்கு அந்தப் பைதான் முக்கியக் காரணம். இதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதானே" என்பவர்கள் உண்டு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. கன்னத்தின் உள்தோலில் பழைய உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை பிறந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் பல ஆண்டுகள் பாக்கை அடக்கிவைத்தால், அதிலுள்ள அரெக்கொலினும் சுண்ணாம்பின் காரமும் அந்த இடத்தைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். மரபணுவில் பிழைகள் சேரும். 'போதும், நிறுத்து' என்று சொல்லும் மரபணு கெட்டுப்போனால் உயிரணு அடங்காமல் பெருகும்.

இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வாய் நமக்கு அடையாளம் காட்டிவிடும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தோன்றும். காரமான சாப்பாடு எரியும். கன்னம் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. தொடக்கத்தில் வலி இருக்காது என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் அரசு பல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

அங்கே சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு தோட்டத்தில் கிளம்புவது அப்போதுதான். அந்த பயாப்ஸியால் நோய் பரவாது. பயந்து தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது. 2 சென்டிமீட்டருக்குள் மேலோட்டமாக இருக்கும் புண் முதல் கட்டம். நோய் பரவிக் கழுத்தில் ஒரே ஒரு நெறி கட்டினாலும் அது மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடுகிறது. நுரையீரலை எட்டினால் நான்காம் கட்டம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றில் 60க்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டங்களில்தான் கண்டறியப்பட்டார்கள்.

முதல் கட்டத்தில் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே போதும். பிந்தினால் கழுத்து நெறிகளையும் எடுத்து, கதிர்வீச்சும், சிலருக்குக் கீமோதெரப்பியும் தர வேண்டியிருக்கும். கதிர்வீச்சு வாரம் 5 நாள், 6 அல்லது 7 வாரம். தீவிலிருந்து பாலம் தாண்டி, பந்திங் வழியாகப் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு முப்பது தடவையாவது யார் அழைத்துப்போவது? சிகிச்சை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதற்கும் வழி இருக்கிறது. அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவரும் அவருடைய துணையும் 40 வயது ஆகியிருந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் சேர்வார்கள். அதில் இலவச உடல் பரிசோதனை உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட்டும், போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் கிடைக்கும். வேலையில் இருப்பவர் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு கேட்கலாம்; அது கங்காணியோ மேனேஜரோ மனம் இரங்கித் தரும் சலுகை அல்ல. இனி வேலை செய்யவே முடியாத நிலை வந்தால், சந்தா கட்டிவந்தவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், மருத்துவமனையின் சமூகநலப் பிரிவுக்குப் போய் இவற்றுக்கான விண்ணப்பப் பாரங்களைக் கேட்டு வாங்குங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையைக் கூடவே கூட்டிப்போங்கள்.