மயிலாப்பூரில் ஒரு ‘சூப்பர் பாண்டரோசா’

கேமராவைக் காட்டிவிட்டுத்தான் ஆளைக் காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்து, மிச்சம் மீதித் துண்டு துணுக்குகளையும் தானே பொருத்திக்கொண்ட உரிமையாளர் அதற்கு வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’! கனமான கேமராவுக்கு ஏற்ற கனமான பெயர்.

உரிமையாளர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சந்தூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலர் என்று விதவிதமான நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தவர். 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் உத்தியோகத்துக்கே கும்பிடு போட்டுவிட்டு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார். அப்போது வயது 37. முழு ஓய்வும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் வீடு. பிடித்த பொழுதுபோக்குகளான எழுத்தும் ஃபோட்டோவுமே பிழைப்பு.

இனி முதுமலைக் காட்டுப் பக்கம் வாருங்கள், வேடிக்கை அங்கேதான். பழக்கிய யானையின் முதுகில் கிருஷ்ணன். எதிரே காட்டு யானைக் கூட்டம். மரநிழலில் வெளிச்சமோ கஞ்சம். ஷட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால்தான் ஃபிலிமில் ஏதாவது விழும். ஆனால் கீழே இருப்பது முக்காலி இல்லையே, மூச்சு விடுகிற முக்காலி! அது காலை மாற்றி வைத்தால் போச்சு, ஒரு ஃப்ரேம் அவுட். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் மோகம் அவரைத் தொடவே இல்லை. அந்த யானைத் தோலின் சுருக்கங்களைப் பார்த்தால், நல்லவேளை தொடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1968இல், மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் போடும் 56 வயதில், நேரு ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு தீபகற்பக் காடுகளின் பாலூட்டிகளை ஆராயக் கிளம்பினார் மனுஷன்!

சரி, ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகைக்கு 1950 முதல் 1996 வரை ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தி எழுதினாரே, அத்தனைக்கும் காட்டுக்கா ஓடினார்? அதுதான் திரைமறைவு ரகசியம். காடு கிடைக்காதபோது காக்கை, அணில், வீட்டுப் பல்லி, தெருவில் மேயும் ஆடு எல்லாமே அவருக்கு விஷயம்தான். ஃபோட்டோ சரிப்படாவிட்டால் பேனாவை எடுத்துத் தானே படமும் வரைந்துவிடுவார். ஆசிரியருக்குக் கட்டுரை போகவேண்டும், அவ்வளவுதானே!