பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் முறை

மருந்து தெளிக்கும் கருவி, டிராக்டர், சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலி ஆகிய பலவும் இன்று பாட்டரியை நம்பியிருக்கின்றன. பயிரில் புழு கண்ட நாளன்று தெளிப்பானின் பாட்டரி உயிரற்றுக் கிடக்குமாயின், குடியானவருக்கு நேரும் நஷ்டம் பாட்டரியின் விலையோடு நிற்பதில்லை. பாட்டரிகள் அகாலத்தில் கெடுவதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று, மின்சாரம் ஏற்றுவதில் நேரும் பிழையாகும்.

ஏற்றும் முறைகள் இரண்டு. மின்சாரப் பிரவாகத்தை ஒரே அளவில் வைத்து ஏற்றுவது ஒன்று. மின்சார அழுத்தத்தை ஒரே அளவில் வைத்து ஏற்றுவது மற்றொன்று. பிரவாகம் ஆம்பியரிலும், அழுத்தம் வோல்ட்டிலும் அளக்கப்படும்.

கிணற்று பம்பு, தொட்டி நிரம்பிய பின்னும் முன்போலவே நீரைத் தள்ளும். நிறுத்துவோர் இல்லையேல் நீர் வழிந்தோடும். முதல் முறை இதனை ஒக்கும். ஏரி மதகைத் திறந்து குட்டைக்கு நீர் விட்டாலோ, குட்டையின் மட்டம் உயர உயர வரத்துக் குறைந்து, இரு மட்டங்களும் சமமானதும் தானே நின்றுவிடும். இரண்டாம் முறை இதனை ஒக்கும். ஆயினும் வறண்ட குட்டைக்கு மதகை முழுதும் திறந்தால் கரை அரிக்கும். அதுபோல், காலியான பாட்டரிக்கு முதலிலேயே முழு அழுத்தத்தைக் கொடுப்பின் பிரவாகம் மிகுந்து உஷ்ணம் ஏறும்.

ஆகவே நல்ல சார்ஜர் இரு முறைகளையும் அடுத்தடுத்துக் கையாளுகிறது. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் ஈயப் பாட்டரிக்கு முதலில் சுமார் 10 ஆம்பியர் ஒரே சீராய்ச் செலுத்தப்படும். அழுத்தம் மெல்ல ஏறிச் சுமார் 14.4 வோல்ட்டை எட்டும்போது, பாட்டரி நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை நிரம்பியிருக்கும். பின்னர் அழுத்தம் அவ்வளவிலேயே நிறுத்தப்பட, பிரவாகம் சிறுகச் சிறுகக் குறையும். எஞ்சிய பங்கு நிரம்ப இன்னும் சில மணி நேரம் செல்லும்.

இதனை அறியாதார் இரு பிழைகள் செய்வர். முதற்கட்டம் முடிந்தவுடன் அவசரமாய்க் கழற்றுவது ஒன்று. இங்ஙனம் அரைகுறையாய் ஏற்றி வந்தால் ஈயத்தகடுகளில் வெண்மையான உப்புப் படிந்து இறுகி, கொள்ளளவு குன்றும். தானே குறைத்துக்கொள்ளாத மட்டமான சார்ஜரில் இரவு முழுவதும் விட்டுவைப்பது மற்றொன்று. அப்பொழுது உள்ளிருக்கும் ஜலம் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வாயுக்களாய்ப் பிரிந்து வெளியேறும். இவ்வாயுக் கலவை ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே ஏற்றுமிடம் காற்றோட்டமுள்ளதாய் இருத்தல் வேண்டும். பீடி, விளக்கு எதுவும் அண்டலாகாது. மூடி திறக்கும் பாட்டரியில் தகடுகள் எப்பொழுதும் திராவகத்தில் மூழ்கியிருக்க வேண்டும். ஜலம் குறைந்தால் வாலை வடிநீரையே விடுக. கிணற்று நீர் ஆகாது.

லித்தியம் பாட்டரிக்கும் இவ்விரு கட்டங்களே உரியன. ஆனால் அழுத்தத்தின் எல்லை வேறு. இரும்பு பாஸ்பேட் வகையில் ஓர் அறைக்கு 3.65 வோல்ட்டும், வேறு பல வகைகளில் 4.2 வோல்ட்டும் எல்லையாகும். அதனை மீறினால் தீப்பற்றவும் கூடும். ஆதலால் ஒன்றற்குரிய சார்ஜரை மற்றொன்றற்கு மாட்டுதல் ஒருபோதும் தகாது. செய்தவர் பாட்டரியின்மேல் குறித்துள்ள அளவே பிரமாணம்.

வேலையில்லாக் காலத்திலும் ஈயப் பாட்டரிக்கு மாதம் ஒருமுறை முழுமையாய் மின்சாரம் ஏற்றி வைப்பது நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின், பருவத்தில் நேரும் வீண் நஷ்டம் பெரிதும் தவிரும்.