டியூப் வேண்டுமா?
பழைய மோட்டார் சைக்கிள் சக்கரங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்க முனைவோர் இஞ்சினுக்கு அடுத்தபடியாக அதிகம் வாதாடுவது சக்கரத்தைப் பற்றியே. உள்ளே டியூப் வைத்து ஓட்டுவதா, இன்றைய கார்களைப் போல் டியூப் இன்றி ஓட்டுவதா என்பதுதான் வாதம். டியூபை நீக்கினால் பஞ்சர்த் தொல்லை குறையும் என்பது உண்மையே. ஆயினும் எல்லாச் சக்கரமும் அதற்கு ஏற்றதன்று. காரணம் அறியாமல் செய்கின்றவர் தம் உயிரை ஒரு பசைக் குழாயிடம் ஒப்படைக்கிறார்.

காற்றடைத்த சக்கரத்திற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். அது 1845ஆம் ஆண்டு. உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டார். அதன் பின் நெடுங்காலம் டயரும் டியூபும் வேலையைப் பங்கிட்டுக் கொண்டன. டயர் பாரத்தைத் தாங்கும். டியூப் காற்றைக் காக்கும். பழைய தோல் பந்தில் தோலுறையும் உள்ளிருக்கும் பிளாடரும் போல என்று கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தீமை உண்டு. டியூப் மெல்லியது, காற்றின் அழுத்தத்தால் இழுபட்டு நிற்பது. ஆணி ஒன்று டயரைத் துளைத்து டியூபைத் தொட்டால், சக்கரம் சுழலும்போது அந்த ஆணி அசைந்து அசைந்து துளையைக் கிழிசலாக்கிவிடும். வெளிவந்த காற்று டயருக்குள் நிற்பதும் இல்லை. வால்வு செல்லும் துளை வழியாகவும், ஸ்போக் கம்பிகளை முறுக்கும் நிப்பிள்களின் துளைகள் வழியாகவும் அது வெளியேறிவிடும். ஆகவே டியூப் வண்டியில் காற்று இறங்குவது பெரும்பாலும் நொடிப்பொழுதில் நிகழ்கிறது. பின் சக்கரமானால் வண்டி பாம்புபோல் நெளியும், திறமையுள்ளவர் தப்பலாம். முன் சக்கரமானால் கைப்பிடியே நம் வசத்தில் இராது.

1947இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது. 1955இல் அந்நாட்டின் புதுக் கார்களில் அதுவே வழக்கமாயிற்று. இவ்வகை டயரின் உட்புறம் காற்றை விடாத ஒரு ரப்பர்ப் படலம் ஒட்டியிருக்கும். ஆணி ஏறினால் அதைச் சுற்றியுள்ள தடித்த ரப்பரே அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்று மெல்ல மெல்லக் கசியும். வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து துளையை அடைத்துவிடலாம் என்பது கூடுதல் நன்மை.

இங்கே நம் நாட்டவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஒரு காலத்தில் டியூபுகள் இயற்கை ரப்பரால் ஆனவை. நம் முன்னோர் தோட்டங்களில் வெட்டிய பால் அவற்றில் சென்றது. 1937இல் அமெரிக்க வேதியியல் அறிஞர்கள் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் இருவரும் எண்ணெய் வாயுவிலிருந்து பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரைக் கண்டனர். 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் அமெரிக்காவுக்கு நம் ரப்பர் செல்வது நின்றது. செயற்கை ரப்பருக்குக் காலம் பிறந்தது. பியூட்டைல், இயற்கை ரப்பரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு நன்றாகக் காற்றைக் காக்கிறது. டியூப் இல்லாத டயரின் உட்படலமும் இந்த இனத்து ரப்பரே. எனினும் துளைபட்டால் சட்டெனக் கிழியாமல் தாக்குப்பிடிப்பதில் பால்மரத்து ரப்பருக்கே பெருமை. காட்டுப் பாதையில் ஓட்டுவோர் சிலர் இன்றும் இயற்கை ரப்பர் டியூபையே தேடி வாங்குவதற்கு இதுவே காரணம். வாரந்தோறும் காற்றடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவர்கள் அலுத்துக்கொள்வதில்லை.

இனி வாதத்தின் மையத்துக்கு வருவோம். டியூப் இன்றி ஓட்டுவதற்கு டயர் மட்டும் போதாது. ரிம்மும் இசைய வேண்டும். டயரின் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி பொதிந்திருக்கிறது. அவ்விளிம்பு ரிம்மின் ஓரத்தில் ஒரு படிமேல் அமர்கிறது. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. டயரை மாட்டும்போது ஒரு பக்கத்தை அப்பள்ளத்தில் இறக்கினால்தான் மறுபக்கம் ஏறும். டியூப் இல்லாத டயருக்கென்று செய்த ரிம்மில் படிக்கும் பள்ளத்திற்கும் இடையே சிறு மேடு ஒன்று சுற்றிலும் ஓடும். காற்று குறைந்தாலும் டயரின் விளிம்பு பள்ளத்தில் நழுவாதபடி தடுப்பது அந்த மேடே. இவ்வகை ரிம்மில் 'எம்.டி.' என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் வண்டிகளின் ரிம்களில் காண்பது 'டபிள்யூ.எம்.' என்னும் முத்திரை. அவற்றில் மேடு கிடையாது. 1958இல் பிறந்து நம் ஊர்களில் கப்சாய் என்று பெயர் பெற்றுவிட்ட ஹோண்டா கப் வண்டிகளின் பழைய கம்பிச் சக்கரங்களும் டியூபுக்கென்றே செய்தவை.

சிலர் நிப்பிள் துளைகளையெல்லாம் சிலிகோன் பசையாலும் ஒட்டு நாடாவாலும் மூடிவிட்டு, "காற்று கசியவில்லை, பார்த்தீர்களா?" என்கிறார்கள். கசியாதிருக்கலாம். ஆனால் மேடு இல்லாத குறையைப் பசை தீர்க்குமா? ஆணி குத்திக் காற்று பாதி இறங்கியதும் வளைவில் டயரின் விளிம்பு பள்ளத்தில் விழும். எஞ்சிய காற்று அக்கணமே போய்விடும். மெல்லக் கசியும் என்ற ஒரே நன்மைக்காக டியூபை நீக்கியவர் அந்த நன்மையையே இழக்கிறார். ஸ்போக் கம்பி தளர்ந்து முறுக்க வேண்டி வந்தால் ஒட்டிய பசை பெயரும் என்பது வேறு.

மேடுள்ள ரிம்மில், நல்ல நாடாவைக் கவனமாக ஒட்டுவது வேறு செய்தி. அதை நான் குறை கூறேன். ஸ்போக் கம்பியை ரிம்மின் நடுவில் துளைக்காமல் வெளி ஓரத்தில் கோத்துவிடுவது அதனினும் சிறந்த வழி. 1987இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஜிஎஸ் வண்டியில் அதைக் காணலாம். வார்ப்புச் சக்கரமாயிற்றே, இதில் துளையே இல்லையே என்று நம்புவதும் தவறு. 1970களில் வந்த முதல் வார்ப்புச் சக்கரங்களில் பல டியூபுக்காகவே செய்யப்பட்டவை. ரிம்மில் பொறித்திருப்பதைப் படிக்காமல் முடிவு செய்யலாகாது.

டயரிலும் எழுத்து உண்டு. டியூபுக்கான டயரில் உட்படலம் இல்லை. அதை டியூப் இன்றி ஓட்டவே கூடாது. டியூப் இல்லாத டயருக்குள் டியூப் வைப்பதைத் தயாரிப்பாளர் பலர் அனுமதிக்கின்றனர். ஆனால் இரண்டும் உராய்வதால் சூடு மிகும். வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டயரின் உட்புறம் சொரசொரப்பாயிருந்தால் டியூப் தேயும்.

பழைய ரிம்முக்கு டியூபே சரி என்பது என் முடிவு. டயர் மாற்றும்போதெல்லாம் டியூபையும் அதன் அடியில் செல்லும் ரிம் நாடாவையும் மாற்றிவிட வேண்டும். சில வெள்ளிக் காசுகளை மிச்சப்படுத்த நீண்டு போன பழைய டியூபை மடித்துத் திணிப்பவர்கள் உண்டு. மடிந்த இடத்தில்தான் அது கிழியும். வால்வின் அடியிலுள்ள மரையை ரிம்மோடு இறுக்கலாகாது. மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். காற்று குறைவாயிருந்து பிரேக் பிடித்தால் டயர் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நகரும். டியூபும் உடன் நகரும். மரை இறுகியிருந்தால் வால்வின் அடி ஓசையின்றி அறுந்துபோகும். இறுகாதிருந்தால் வால்வு சாய்ந்து நின்று நமக்குக் காட்டிக் கொடுக்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும். வால்வு சாய்ந்திருந்தால் அன்று வண்டியை எடுக்காமல், காற்றை இறக்கி டயரைத் திருப்பி நேராக்கிய பிறகே ஓட்ட வேண்டும்.